நாற்று சாய்ந்தால் விதையைத் திட்டாதீர்கள்
மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மிளகாயைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எங்கள் தோட்டக்கலைக் குழு பதில் எழுதியிருக்கிறது.

சமையலுக்கு வாங்கிய வரமிளகாயை உடைத்து 20 விதை போட்டேன். 4 மட்டும் முளைத்தது. மிளகாய்க்கும் தனியாக விதை வாங்க வேண்டுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

முளைத்தவரை லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். கடைக்கு வரும் வற்றல் சுடுகின்ற களத்தில் நாள்கணக்கில் காய்ந்தது. பிறகு மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தது. சூட்டிலும் வயதிலும் விதையின் முளைப்பு குறைந்துவிடும். பழ அழுகல் நோய்ப் பூஞ்சை வேறு விதையோடு ஒட்டிக்கொண்டு வரும். வற்றலை உடைக்கும்போது உள்ளே சாம்பல் நிறப் பூசணமோ பழுப்பு விதையோ இருந்தால் அந்தக் காயை ரசத்துக்கும் போடாதீர்கள், தொட்டிக்கும் போடாதீர்கள். நல்ல விதை வெளிர் மஞ்சளாக, தட்டையாக, பளபளப்பு மங்காமல் இருக்கும்.

இன்னொன்று, இப்போது சந்தைக்கு வருவதில் கணிசமானது வீரிய ஒட்டுரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அதன் விதையைப் போட்டால் செடி வரும்; தாய்ச்செடி மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று காரமே இல்லாமல் வரலாம்.

விதை வாங்குவதென்றால் உங்கள் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பி.எல்.ஆர். 1 மிளகாய் அங்கிருந்து வந்த ரகம்தான். பாலூரின் சுருக்கமே அந்தப் பெயர். வடதமிழகக் கடலோரத்துக்கு ஏற்றது, ஒட்டுரகமும் அல்ல. ஆகவே அதன் விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி கலந்தது என்று பொருள். குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

முளைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு இலை விடும்வரை கண் நிறைந்து நிற்கிறது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாலைந்து நாற்று மண்ணோடு சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் பக்கத்து நாற்றுகளும். மூன்று முறை இப்படி. விற்பவர்கள் தரமில்லாத விதையைத் தலையில் கட்டுகிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

விதை பாவம், அதன் வேலையை முடித்துவிட்டது. உங்கள் நாற்றைச் சாய்ப்பது நாற்றழுகல். சாய்ந்த ஒன்றை எடுத்து மண் மட்டத்தில் தண்டைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நீர் கோத்து, நூல் போல இளைத்து, லேசாகப் பழுத்திருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். வேரும் தண்டும் சேருமிடத்தில் மண்ணிலுள்ள பூசணம் புகுந்திருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில்தான் அது பரவும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றுவது முதல் காரணம். நாற்றுத்தட்டுக்கு ஒரு வேளை, அதுவும் காலையில் மட்டும் போதும். மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவு முழுக்க வடியாமல் நிற்கும். கடலோரக் காற்றின் ஈரப்பதமும் அதைக் காயவிடாது. இரண்டாவது, தட்டின் மேல் போர்த்திய மூடாக்கை முளைத்த பிறகும் எடுக்காமல் விடுவது. மூன்றாவது, ஒரே தட்டில் கீரை விதைப்பது போலத் தூவிவிடுவது. நெருக்கத்தில் காற்று நுழையாது, நோய் மட்டும் நுழையும். நான்காவது, தோட்டத்து மண்ணையோ அரைகுறையாக மட்கிய சாணத்தையோ நாற்றுக்குப் போடுவது.

சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள ஒரு பிடி மண்ணோடு எடுத்து எறியுங்கள். இரண்டு நாள் தண்ணீர் காட்டாதீர்கள். தட்டைக் காற்றோட்டமான, காலை வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். மீதி நாற்றுகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்து, வேர்ப்பகுதி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றலாம். சாய்ந்தது பிழைக்காது, நிற்பதைக் காப்பாற்றத்தான் இது. அடுத்த முறை விதைக்கும்போதே கலவையில் கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைச் சேர்த்துவிடுங்கள்.

விதை போடுவதிலிருந்து தொட்டிக்கு மாற்றும் வரை வரிசையாகச் சொல்லுங்கள். பள்ளித் தோட்டத்துக்காகக் கேட்கிறோம்.
– மாணவர் குழு, வில்லியனூர்

தேவையானவை: குழித்தட்டு ஒன்று, இல்லாவிட்டால் அடியில் மூன்று ஓட்டை போட்ட டீ கப்புகள். தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், விதை.

650 கிராம் கட்டியை ஊற வைத்தால் சுமார் 8 லிட்டர் நார்த்தூள் கிடைக்கும். நம் பக்கத்தில் விற்கும் நார்த்தூளில் உப்பு அதிகம். ஊறியதை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். முதல் அலசலில் வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், கடைசியில் வெளுத்துவிடும். இந்த அலசலைத் தவிர்த்தால் விதை முளைக்காது, முளைத்தாலும் இலை ஓரம் கருகும். அலசிய நார் மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கலவையைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள்: ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் உதறி ஆறவிடுங்கள்.

விதையை முதல்நாள் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கலாம். மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் பொடியில் புரட்டி நிழலில் அரைமணி நேரம் உலர்த்துங்கள். மிதக்கும் விதையெல்லாம் சொத்தை என்று எறிந்துவிட வேண்டாம். மிளகாய் விதை இலேசானது, நல்லதும் மிதக்கும்.

குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். அதாவது அரை நகம் புதையும் அளவு. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் முளை மேலே வரத் திணறும். கலவையை மேலே தூவி, கையால் அழுத்தாமல் விட்டுவிடுங்கள். பாலித்தீன் தாளோ பழைய செய்தித்தாளோ போர்த்தி நிழலில் வையுங்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், தட்டைச் சுற்றி மஞ்சள்தூள் தூவிப் பயனில்லை. தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே செங்கல் மேல் வைப்பதே வழி.

மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் 7 முதல் 10 நாளில் முளைக்கும். மார்கழிக் குளிரில் இரண்டு வாரம்கூட ஆகலாம், கிளறிப் பார்க்காதீர்கள். முதல் முளை வளைந்து தலைகாட்டிய அன்றே போர்வையை எடுத்துவிட வேண்டும். "எல்லாம் முளைக்கட்டும்" என்று காத்திருந்தால், முந்தி வந்தவை வெளிச்சம் தேடி நீண்டு வெளுத்து ஒடிந்து போகும். அன்றிலிருந்து காலை வெயில் இரண்டு மணி நேரம், ஒரு வாரத்தில் நாலு மணி நேரம் என்று கூட்டுங்கள். இரண்டு விதையும் முளைத்த குழியில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும்.

நாலு இலை வந்ததும் வாரம் ஒருமுறை லிட்டருக்கு 20 மில்லி பஞ்சகவ்யம் தெளித்தால் போதும். 30 முதல் 40 நாளில், ஆறிலிருந்து எட்டு இலையும் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான உயரமும் வந்த நாற்று நடவுக்குத் தயார். நடுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, முழு வெயிலில் வைத்துத் தேற்றுங்கள். மாலையில் நடுங்கள். நட்டு முதல் மூன்று நாள் நண்பகல் நிழல் வேண்டும்.

தட்டில் 40 நாளைத் தாண்டிக் கிடந்தால் வேர் சுருண்டுவிடும், அந்த நாற்று பிறகு தேறுவதில்லை. வகுப்பு விடுமுறையைக் கணக்கிட்டு விதையுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். ஆடியில் விதைத்தும் ஒரு காய்கூட உருப்படியாக வரவில்லை.
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பழமொழி வயலுக்குச் சரி. வீட்டுத்தொட்டி மிளகாய்க்கு நம் கரையில் ஒரு மாதம் முந்திக்கொள்வது நல்லது. கணக்கைப் பாருங்கள்: ஆடிக் கடைசியில் விதைத்தால் செப்டம்பரில் நடவு, நட்ட 40 நாளில் பூ. அதாவது பூவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். அடைமழையில் பூ உதிரும், பிடித்த பிஞ்சும் அழுகும்.

ஜூன் முதல் வாரத்தில், வைகாசி முடிவதற்குள் விதைத்துவிடுங்கள். ஜூலையில் நடவு, ஆகஸ்டு கடைசியில் பூ, செப்டம்பரில் பறிப்பு தொடங்கி, மழை வலுப்பதற்குள் நாலைந்து பறிப்பு கிடைத்துவிடும். அடுத்த வாய்ப்பு டிசம்பர் இரண்டாம் பாதி முதல் பொங்கல் வரை. தட்டு வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே இருக்கட்டும். தை மாசிப் பனியும் இளவெயிலும் மிளகாய்க்குப் பிடித்த பருவம். எங்களைக் கேட்டால், ஆண்டுக்கு ஒருமுறைதான் விதைக்க முடியும் என்பவர்கள் இந்தப் பட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செடி நட்டு இரண்டு மாதம் ஆகிறது. வளரவே இல்லை. இலை நுனியும் ஓரமும் காய்ந்த காகிதம் போல ஆகிறது. உரம் போட்டால் இன்னும் மோசமாகிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். வீணாகாமல் இருக்கட்டுமே என்று ஆர்.ஓ. கழிவு நீரையும் செடிக்கே விடுகிறேன்.
– வாசகி, முத்தியால்பேட்டை

கடைசி வரியில் விடை இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்கிறது. உங்கள் போர் தண்ணீரைவிட அது உப்பு. தரை கழுவ, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். மிளகாய்க்கு வேண்டவே வேண்டாம். தென்னை உப்பைத் தாங்கும், மிளகாய் தாங்காது.

கடலை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பது புதிதல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீர்க்காரரிடம் இருக்கும், அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 500க்குள் என்றால் கவலையில்லை. 600, 700 என்றால் வடிகால் நன்றாக இருக்க வேண்டும். 1000ஐத் தாண்டினால் செடி உயிரோடு இருக்கும், காய்க்காது. மீட்டர் இல்லாவிட்டால் தொட்டியைப் பாருங்கள்: விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: மேல்மண்ணை இரண்டு விரல்கடை அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, பையின் கொள்ளளவுக்குக் குறையாத நல்ல தண்ணீரை, 15 லிட்டர் பை என்றால் 15 லிட்டர், மூன்று தவணையாக மெதுவாக ஊற்றி அடியில் முழுக்க வடியவிடுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். பதினைந்து நாள் உரம் எதுவும் வேண்டாம். உரமும் ஒருவகை உப்பே. அதனால்தான் போட்டபோது மோசமானது. சாம்பல் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு நகராட்சிக் குழாய்த் தண்ணீர், மழைநீர், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் இவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழையை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடி வைத்தால் தை மாத நாற்றுக்குப் போதும்.

அடியில் தட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வடிந்த உப்புநீரைச் செடி மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

இலை சுருண்டுகொள்கிறது. வேப்பெண்ணெய், மோர், பெருங்காயம் எல்லாம் அடித்தாகிவிட்டது. ஒருவர் வைரஸ் என்கிறார், ஒருவர் பூச்சி என்கிறார்.
– வாசகர்கள் பலர்: அரியாங்குப்பம், நெல்லிக்குப்பம், பாகூர், திருப்பாதிரிப்புலியூர்

சுருட்டை என்பது ஒரே நோய் அல்ல. மருந்தை எடுப்பதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள்.

மேல்நோக்கி, ஓரங்கள் படகு போலத் தூக்கிக்கொண்டிருந்தால் இலைப்பேன். கொழுந்துக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்து விரலால் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், எள்ளைவிட மெலிந்த கீற்றுகள் தாளில் ஓடும். பூவுக்குள்ளும் ஊதிப் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும். வெயிலும் வறட்சியும் சேர்ந்த மாசி முதல் வைகாசி வரை இதன் காலம். முதலில் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு 2 மில்லி காதி சோப்புக் கரைசல். எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலோடு நன்கு அடித்துக் கலந்த பிறகே தண்ணீரில் ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானின் கடைசிச் சொட்டுகள் இலையைக் கருக்கும். ஒருமுறை அடித்துவிட்டுப் பலனில்லை என்று விடுவதுதான் பொதுவான பிழை. முட்டை இலைத்திசுவுக்குள் இருக்கும். கூட்டுப்புழு மண்ணில் இருக்கும். இரண்டுமே தெளிப்பில் தப்பிவிடும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் அடுத்தடுத்து வெளிவருபவை அகப்படும். நீல ஒட்டும் அட்டை ஒன்று செடி உயரத்தில் தொங்கட்டும்.

கீழ்நோக்கி, கவிழ்த்த கிண்ணம் போல மடங்கி, இலைக்காம்பு மட்டும் வழக்கத்தைவிட நீண்டு, அடிப்பக்கம் பித்தளை மெருகில் தடித்துத் தெரிந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய சிலந்திப்பேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தாளில் தட்டினாலும் ஒன்றும் விழாது. கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், செடிக்கடியில் போடாதீர்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தூள், மாலையில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக்கூடாது. எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். உச்சிவெயிலிலும் கூடாது. காய் பறித்துவிட்டுத் தெளியுங்கள். பழுதான பழைய இலை நிமிராது. புதுக்கொழுந்து நேராக வருகிறதா என்பதே அளவுகோல்.

இலை சிறுத்து, நரம்பு வெளிறி, இடையில் புடைத்துச் சுருங்கி, கணுக்கள் நெருங்கிச் செடியே புதர் போல ஆகிவிட்டதா? செடியை அசைத்தால் வெள்ளை ஈ பறக்கிறதா? அது வைரஸ். மருந்து கிடையாது. மோரும் பெருங்காயமும் இங்கே வீண். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, மற்றவற்றுக்கு வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். ஆசை ஆசையாக வளர்த்தது என்று ஒரு மாதம் வைத்திருந்தால் பக்கத்துத் தக்காளிக்கும் சேர்த்துப் பிடுங்க வேண்டி வரும்.

பாகூர் வாசகருக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் இலை நாடா போலக் குறுகி முறுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டை ஒட்டி நெல் வயல் என்றும் சொல்கிறீர்கள். அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி மருந்தின் சாரல் காற்றில் வந்தாலும் மிளகாய் இப்படித்தான் ஆகும். எல்லாச் செடியும் ஒரே வாரத்தில், வயல் பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இலேசாகப் பட்டிருந்தால் புதுக்கொழுந்தில் தெளியும்.

பூ கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. தேங்காய்ப்பாலையும் மோரையும் புளிக்கவைத்த தேமோர் தெளிக்கலாமா?
– வாசகி, நெட்டப்பாக்கம்

தெளிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மே மாதம். பகலில் 35 டிகிரிக்கு மேல், இரவிலும் வெக்கை தணியாத நாளில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் உதிரும் பூவை எந்தக் கரைசலும் ஒட்டி வைக்காது. பகல் 11 முதல் 4 வரை 50 சதவீத நிழல்வலை, மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு, காலைத் தண்ணீர் இவற்றோடு செடியை உயிரோடு வைத்திருங்கள். முதல் கோடைமழைக்குப் பிறகு தானாகப் பிடிக்கும்.

வெயில் குறைந்த பிறகும் உதிர்ந்தால் வேறு காரணம் பார்க்கலாம்: ஒருநாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது, அல்லது இலை கருகருவென்று செழிக்கும் அளவுக்குச் சாண உரமும் கடலைப் பிண்ணாக்கும் போடுவது. மாடியில் தேனீ வரவில்லையே என்று கவலை வேண்டாம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். காலை 8 மணிவாக்கில் செடியை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

மண் கலவை, உரம் அளவு சொல்லுங்கள். வீட்டில் மீன் கழிவு நிறைய சேர்கிறது.
– வாசகர், கடலூர் முதுநகர்

ஒரு செடிக்கு ஒரு அடி அகலம், ஒரு அடி உயரப் பை. இரண்டு செடி வைத்தால் இரண்டும் பாதிதான் காய்க்கும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் நல்லது. கடற்கரை மணல் கூடாது, எத்தனை முறை கழுவினாலும் கூடாது. கலவையை நனைத்துப் பத்து நாள் ஆறப்போட்ட பிறகு நடுங்கள்.

மீன் கழிவுக்கு முதுநகரில் பஞ்சமா! தலை, குடல், செதிள் ஒரு கிலோவுக்குப் பொடித்த வெல்லம் ஒரு கிலோ. கழிவு உப்புப் போடாததாக இருக்க வேண்டும். கருவாட்டுக் கழிவு ஆகாது. பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கடுக்காகப் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியை இறுக்காமல் நிழலில் வையுங்கள். இறுக்கினால் வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். 25 நாள் கழித்துத் தேன்பாகு போன்ற நீர் பிரிந்திருக்கும். நாற்றம் அழுகல் வாடையாக அடித்தால் வெல்லம் போதவில்லை, இன்னும் கால் கிலோ சேருங்கள். வடிகட்டி, லிட்டருக்கு 5 மில்லி வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். பூ வரும்வரைதான் இது. பூத்த பிறகு தழைச்சத்தைக் குறைத்து, மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மண் அணையுங்கள். மீன் வாடைக்கு வரும் பூனை விஷயத்தில் எங்களிடம் யோசனை இல்லை.

குடைமிளகாயை மிளகாய்ப் பக்கத்தில் வைத்தால் காரமாகிவிடுமா?
– வாசகி, முதலியார்பேட்டை

ஆகாது. அயல் மகரந்தம் விழுந்தால் மாறுவது விதை. அந்த விதையை விதைத்து வரும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். இந்த ஆண்டுக் காயின் சதை தாய்ச்செடியுடையது. நீங்கள் சாப்பிட்ட குடைமிளகாய் காரமாக இருந்தால் விதையிலேயே கலப்பு.

மாஹேயிலிருந்து உறவினர் காந்தாரி மிளகாய் கொண்டுவந்தார். பதினைந்து நாளாகியும் முளைக்கவில்லை. எங்கள் வீடு பழைய முற்றம் வைத்த வீடு, மூன்று மணி நேரம்தான் வெயில்.
– வாசகர், புதுச்சேரி நகரம்

இன்னும் பதினைந்து நாள் பொறுங்கள். காந்தாரி நிதானமானது, மூன்று நான்கு வாரம் எடுக்கும். வானத்தைப் பார்த்துக் காய்க்கும் அந்தச் சின்னக் காய் பழுத்துச் சிவந்த பிறகு எடுத்த விதைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைக்காய் விதை முளைக்காது. தட்டு சூடாக இருக்கட்டும், ஃபிரிட்ஜின் மேற்புறம் முளைக்கும்வரை நல்ல இடம்.

சாதாரண மிளகாய்க்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மூன்று மணியில் இலை வரும், காய் எண்ணி நாலு வரும். காந்தாரி பகுதி நிழலைப் பொறுக்கும், உங்கள் முற்றத்துக்கு அதுவே சரி. ஒருமுறை தேறிவிட்டால் சில ஆண்டுகள் நிற்கும். பெரிய பையில் வையுங்கள்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இருந்த செடியெல்லாம் போயிற்று. மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது? போன மாதம் மழையில் ஒன்று பச்சையாகவே வாடிச் செத்தது.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பச்சையாக வாடியதைப் பிடுங்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை. தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் ஒரு முனை மட்டும் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் இழை போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள், கீரைக்குப் பயன்படுத்துங்கள். இழை இறங்காமல், வேர் பழுப்பாகி, தோலை உரித்தால் கையோடு வந்தால் தண்ணீர் தேங்கி அழுகியது.

வேர் முழுக்க ஒன்றிரண்டு நாள் நீரில் நின்றாலே மிளகாய் மூச்சுமுட்டிப் போகும். புரட்டாசிக் கடைசியிலேயே பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். நார்த்தூள் அடைத்துக்கொண்டிருக்கும். அடைமழை நாளில் மண்ணின் மேல் ஒரு பாலித்தீன் துண்டைத் தண்டைச் சுற்றிக் கட்டினால் போதும், செடியை மூட வேண்டாம். மூட்டைப்பூச்சி போல மொய்க்கும் ஆப்பிரிக்க நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் பைகளை மாடியிலிருந்து இறக்குங்கள். முடியாவிட்டால் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கிப் படுக்க வையுங்கள். செடிக்காக மட்டுமல்ல, கீழே நடப்பவர் தலைக்காகவும்.

கடலிலிருந்து வரும் உப்புக்காற்றில் கிழக்குப் பக்க இலைகள் மட்டும் கருகும். புயலுக்கு மறுநாள் நல்ல தண்ணீரால் செடியைக் குளிப்பாட்டுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் கிடையாது. தப்பித்த பழைய செடியைத் தையில் ஒரு அடி உயரத்துக்கு வெட்டி, மேல்மண்ணை மாற்றி, தொழு உரம் போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும்.

விதை எடுத்து வைப்பது எப்படி?
– வாசகர், பரங்கிப்பேட்டை

ஒட்டுரகம் அல்லாத, சுருட்டை எட்டிப் பார்க்காத செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம், மூன்றாம் பறிப்பில் வரும் நல்ல காய் இரண்டை அடையாளத்துக்கு நூல் கட்டி, செடியிலேயே முழுக்கச் சிவக்க விடுங்கள். பல ரகம் வைத்திருந்தால் மொட்டாக இருக்கும்போதே கிளையை மெல்லிய வலைத்துணியில் கட்டுங்கள். மிளகாயில் அயல் மகரந்தம் கலப்பது சாதாரணம். சிவந்ததும் பறித்து, மூன்று நாள் நிழலில் வைத்து, கீறி விதையை எடுத்துத் தாளில் பரப்பி நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். மடக்கினால் வளையாமல் முறிய வேண்டும். காகிதக் கவரில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி, இறுக மூடும் பாட்டிலில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு ஆண்டு தாங்கும். சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரத்துணியில் சுருட்டிப் பத்து நாள் பாருங்கள். ஆறுக்குக் கீழே முளைத்தால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள்.

விதை எடுத்த பிறகு கை எரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் நிற்கவில்லை.
– வாசகி, கூடப்பாக்கம்

காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில் இருக்கிறது. அதைச் சுரண்டும்போது கையில் படிவது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெயை விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து ஒரு துணியால் துடையுங்கள். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவுங்கள். இரண்டு முறை செய்தால் அடங்கும். அடுத்த முறை கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு கரண்டிக்காம்பால் விதையைத் தள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அன்று இரவு அதைக் கழற்றும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.